கோயில் மண்டபத்து யோசனையும் கவுன்சில் கடிதமும்

மார்ச் 1ஆம் திகதி, பதினொரு வயதுக்காரருக்குச் செகண்டரிப் பள்ளிக்கூட இடம் சொல்கிற கவுன்சில் கடிதம்; ஏப்ரல் 16ஆம் திகதி, நாலு வயதுக்காரருக்கு ரிசெப்ஷன் என்கிற முதல் வகுப்பு இடம் சொல்கிற கடிதம். இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் தாய் தகப்பன்மாருக்கு இந்த இரண்டு நாளும் ஊரில் சோதினை முடிவு வருகிற நாள் மாதிரி. இரண்டும் வந்து முடிந்துவிட்டபடியால், இம்மாதக் கேள்விகளில் முக்கால்வாசி பள்ளிக்கூட இடத்தைப் பற்றித்தான். பத்திரிகை ஆசிரியர் எல்லாவற்றையும் கட்டாக அனுப்பி, "இதை நீங்களே பாருங்கோ அக்கா" என்றுவிட்டார்.

என்னைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு: மேற்கு லண்டனில் 19 வருடம் ஒரு சின்னத் தபால் கந்தோர் கவுன்டரில் நின்றவள் நான். முத்திரை வாங்க வந்தவர்கள் கவுன்சில் படிவத்தையும் சேர்த்து நீட்டுவார்கள். பிறகு எட்டு வருடம், இடம் மறுக்கப்பட்ட பெற்றோரின் முறையீட்டைக் கேட்கிற பள்ளிக்கூட அப்பீல் பனல்களில் பொது உறுப்பினராக இருந்தேன். பொது உறுப்பினர் என்றால் பள்ளிக்கூடம் நடத்தியோ படிப்பித்தோ பழக்கமில்லாத ஆள். அந்தத் தகுதி என்னிடம் தாராளமாக இருந்தது. சம்பளம் இல்லை, பஸ் காசு தருவார்கள். பனலில் கேட்டது பனலோடு போகவேண்டும் என்பதால் எந்தக் குடும்பத்தின் வழக்கும் இங்கே வராது. நான் வக்கீலும் இல்லை. வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்காரருக்கு விதிகள் வேறு. இது இங்கிலாந்துக்கு மட்டும்.

அக்கா, மகளுக்கு ஆறு பள்ளிக்கூடம் எழுதினோம். ஐந்தாவது கிடைத்திருக்கிறது. "முதலாவதை மட்டும் எழுதி மற்றதை வெறுமையாக விட்டிருந்தால் கவுன்சிலுக்கு அதைத் தருவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது" என்று இவர் ஒரு மாதமாகச் சொல்லித் திரிகிறார். உண்மையா?
– ஒரு தாய், ஹரோ

தங்கச்சி, அவர் சொன்னபடி செய்திருந்தால் அந்த ஐந்தாவதும் போயிருக்கும்.

படிவம் போனதும் உங்கள் மகளின் பெயர் ஆறு பள்ளிக்கூடங்களின் பட்டியலிலும் ஒரே நேரத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன்னைக் கேட்ட எல்லாப் பிள்ளைகளையும் தன் விதிப்படி வரிசையில் நிறுத்தும். நீங்கள் அதை முதலாவதாக எழுதினீர்களா ஆறாவதாக எழுதினீர்களா என்பது அந்த வரிசையில் எங்கேயும் வராது. 180 இடம் என்றால் முதல் 180 பேர். அதற்குப் பிறகுதான் கவுன்சிலின் கொம்பியூட்டர் உங்கள் ஒழுங்கைத் திறந்து பார்க்கும். இரண்டு மூன்று இடத்தில் மகளுக்கு இடம் விழுந்திருந்தால் நீங்கள் மேலே எழுதியதை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை விட்டுவிடும். விட்ட இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும், அது இன்னொருவரை நகர்த்தும். லண்டனின் 33 கவுன்சில்களும் இப்படித் தங்களுக்குள் மாற்றி மாற்றி ஓடவிட்டுத்தான் ஒரே நாளில் எல்லாருக்கும் ஒரேயொரு இடம் சொல்கின்றன.

ஒன்றை மட்டும் எழுதி அதிலும் வரிசைக்குள் வராவிட்டால் என்ன நடக்கும்? எல்லாரும் எடுத்து மிஞ்சிய இடங்களில் ஒன்று உங்களுக்கு வரும். இரண்டு பஸ் மாறிப்போகிற இடமாகவும் இருக்கலாம். கவுன்சிலை மடக்கலாம் என்று நினைத்தவர்கள் செப்டம்பரில் காலை ஆறரைக்கு பஸ் ஸ்டொப்பில் நின்றதை நான் கவுன்டருக்கு உள்ளேயிருந்தே பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் மனுஷரை முழுதாகக் குற்றம் சொல்லமாட்டேன். அந்தக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. 1996இல் என் மூத்தவளுக்கு நாங்கள் எழுதியபோது, தங்களை முதலாவதாக எழுதியவர்களை முதலில் எடுக்கும் பள்ளிக்கூடங்கள் நிறைய. கோயில் மண்டபத்தில் ஒருவர் சொன்னார் என்று பெயர்பெற்ற ஒன்றை முதலாவதாகவும், தெருமுனையில் இருந்ததை இரண்டாவதாகவும் எழுதினேன். பெயர்பெற்றது கிடைக்கவில்லை. தெருமுனைப் பள்ளிக்கூடம், அதை முதலாவதாக எழுதியவர்களாலேயே நிரம்பிவிட்டது. கண்ணுக்கு முன்னால் இருந்த கேற்றுக்குள் என் பிள்ளை போகமுடியவில்லை. அந்தக் காலத்தில் படிவம் எழுதுவது சூதாட்டந்தான். அரசாங்கத்தின் 2007ஆம் ஆண்டுப் பள்ளிக்கூட அனுமதி விதிக்கோவை அந்த முறையைத் தடைசெய்துவிட்டது. விதி செத்துப் பதினெட்டுப் பத்தொன்பது வருடமாகியும், யோசனை மட்டும் மண்டபத்தில் உலாவுகிறது.

இப்போதைய முறையில் மனதுக்குப் பிடித்த ஒழுங்கிலேயே எழுதலாம். ஆறில் ஒன்றாவது வீட்டுக்குக் கிட்ட, கிடைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். நீங்கள் ஐந்தாவதில் அதைச் செய்திருக்கிறீர்கள்.

பள்ளிக்கூடத்து மணி எங்கள் குசினிக்குக் கேட்கும். நடந்தால் ஆறு நிமிடம். ஆனாலும் இடமில்லை என்று கடிதம். ஸ்டேஷனுக்கு அங்கால் இருக்கிற பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது. அளந்தது பிழையா, ஆள் பார்த்துக் கொடுக்கிறார்களா?
– ஒரு தகப்பன், ஈஸ்ட்ஹாம்

தம்பி, ஆள் பார்ப்பதில்லை. அளவு பிழையாகலாம், ஆனால் அது அரிது.

நீங்கள் கால்களால் அளக்கிறீர்கள். பெரும்பாலான கவுன்சில்கள் வரைபடத்தில் அளக்கின்றன. உங்கள் வீட்டுக்கு ஒரு புள்ளி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு புள்ளி, இடையில் அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி நேர்கோடு. நடுவே ரயில் பாதை போனாலும் பூங்காவுக்குப் பூட்டுப் போட்டிருந்தாலும் கோட்டுக்குக் கவலையில்லை. பள்ளிக்கூடத்துப் புள்ளி முன் கேற்றிலா, கட்டடத்தின் நடுவிலா என்பதும் முக்கியம். பெரிய மைதானம் உள்ள பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு விஷயமே ஒரு தெருவை உள்ளே எடுக்கும், இன்னொரு தெருவை வெளியே தள்ளும். சில இடங்களில் நேர்கோடு இல்லை, நடைபாதையால் அளக்கிறார்கள். எது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் அனுமதி விதிகளில் எழுதியிருக்கும்.

அடுத்தது, தூரம் வரிசையின் வால்ப் பகுதி. விசேட தேவைக்கான கல்வித் திட்டத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதப்பட்ட பிள்ளைக்கு, வரிசை தொடங்கமுன்னரே இடம் உண்டு. பிறகு கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கிற, இருந்த பிள்ளைகள். பிறகு பல இடங்களில் மருத்துவ, சமூகக் காரணம் உள்ளவர்கள், ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ அங்கே படிப்பவர்கள். மிஞ்சிய இடத்துக்குத்தான் அடிமட்டம். ஸ்டேஷனுக்கு அங்கால் உள்ள பிள்ளைக்கு அக்கா இருக்கக்கூடும். ஒரு வருடம் தம்பி தங்கைகளாக அதிகம் பேர் வந்தால் வட்டம் சுருங்கும். அதனால்தான் "போன வருடம் இந்தத் தெருவுக்குக் கிடைத்தது" என்று வீட்டுத் தரகர் சொல்வதை நம்பி வாடகை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் இன்றைக்கே செய்யவேண்டியது, அனுமதிப் பிரிவுக்கு ஓர் இமெயில். என் பிள்ளையை எந்தப் பிரிவில் போட்டீர்கள், என் வீட்டுத் தூரம் எவ்வளவு என்று பதிந்திருக்கிறது, கடைசியாக இடம் கொடுத்த பிள்ளை எந்தப் பிரிவு, எவ்வளவு தூரம். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். உங்களுக்கு 0.41 மைல், கடைசி ஆளுக்கு 0.39 என்றால் அதோடு அந்தக் கதை முடிந்தது. மாறாக, பழைய விலாசத்திலிருந்து அளந்திருந்தாலோ, மூத்த பிள்ளை அங்கே படிப்பதைப் பதிய மறந்திருந்தாலோ, சரியாகச் செய்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்றாலோ, அது அப்பீலில் வெல்லக்கூடிய பிழை.

இதே கட்டில் ஸ்ட்ரெத்தத்திலிருந்து ஒருவர், பறோ (லண்டனில் ஒரு கவுன்சிலின் பகுதி) எல்லைக்கு அடுத்த பக்கத்துப் பள்ளிக்கூடம் தங்களைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேறு பறோ என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளமுடியாது. 1989இல் கிரினிச் கவுன்சில் தன் பறோப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கப்போய் நீதிமன்றத்தில் தோற்றது. அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஆனால் விண்ணப்பத்தை நீங்கள் இருக்கிற கவுன்சிலுக்கே போடவேண்டும். வீட்டு விலைதான் பள்ளிக்கூடத்தைத் தீர்மானிக்கிறது என்ற கோபத்துக்கு மருந்தாக, பிரைட்டன் கவுன்சில் 2008 அனுமதியில் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. அங்கேயும் கோபம் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஊரில் என்றால் பிரின்சிபலைக் கண்டு கதைக்கலாம். இங்கே ஹெட் ரீச்சருக்கு ஒரு கடிதமும், பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது நன்கொடையும் கொடுத்தால்?
– பெயர் வேண்டாம்

கொடுக்காதீர்கள். பெற்றோர் பணமோ உழைப்போ கொடுத்ததற்காகப் பிள்ளையை முன்னுக்கு எடுக்கக்கூடாது என்று விதிக்கோவையிலேயே எழுதியிருக்கிறது. ஹெட் ரீச்சர் உங்களோடு சிரித்துத் தேத்தண்ணியும் தருவார், வரிசையை அசைக்கமுடியாது. ஊரில் முதலாம் வகுப்புக்கு வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, தகப்பன் அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவரா என்று புள்ளி போடுவார்கள். அந்தப் புள்ளிகளுக்கு இங்கே சந்தை இல்லை.

ரிசெப்ஷனுக்கு மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. அப்பீல் போட்டால் ஒரு பிள்ளைக்கு இடம் கூட்டமாட்டார்களா? ஒரே ஒரு கதிரைதானே அக்கா.
– ஒரு தாய், டூட்டிங்

உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல ஆசைதான், ஆனால் ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 அப்பீலில் பொய் நம்பிக்கை கொடுத்தால் அது பாவம். ஒரு ரீச்சருக்கு 30 பிள்ளைக்கு மேல் அந்த வகுப்புகளில் இருக்கக்கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 31ஆவது கதிரை போட்டால் இன்னொரு ரீச்சர் வேண்டும். ஆகவே அந்த அப்பீலில் பனலின் கை கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் மகனைச் சேர்த்தாலும் 30ஐத் தாண்டாது என்றோ, விதிகளைச் சரியாகப் பின்பற்றியிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்றோ, நியாயமுள்ள எவரும் அப்படி மறுத்திருக்கமாட்டார் என்றோ காட்டவேண்டும். "மகன் அழுகிறான், கூட்டாளி எல்லாரும் அங்கே" என்பது இதில் எதற்குள்ளும் வராது. 60 பிள்ளை எடுக்கிற பள்ளிக்கூடம் இரண்டு முப்பதாக வைத்திருந்தாலும் இதே கதைதான்.

விதிவிலக்கு உண்டு. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் 30ஆவது இடத்தில் விழுந்தால் மற்றவரையும் சேர்க்கலாம், எண்ணிக்கையில் பிடிக்கமாட்டார்கள்.

அப்பீல் போடுவதற்குக் காசு இல்லை, போடுங்கள். ஆனால் நம்பிக்கையைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள். லண்டனில் பிறப்பு குறைந்து தொடக்கப் பள்ளிகள் சில மூடப்படுகிற காலம் இது. கோடையில் வீடு மாறுகிறவர்கள் பலர், இடங்கள் அசையும்.

இயர் 7 (செகண்டரியின் முதல் வருடம்) அப்பீல் அடுத்த கிழமை. எனக்கு இங்கிலிஷ் வேலைக்குப் போதும், வாதாடப் போதாது. மகனின் சான்றிதழ் எல்லாவற்றையும் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கும்? என்ன சொல்லவேண்டும்?
– ஒரு தகப்பன், குரொய்டன்

தம்பி, இது நீதிமன்றம் இல்லை. ஒரு மேசை, மூன்று பேர், சில வேளை ஐந்து பேர். அவர்களில் என்னைப் போல் ஒரு பொது ஆளாவது இருக்கவேண்டும், கல்வி அனுபவம் உள்ள ஒருவராவது இருக்கவேண்டும். மூலையில் குறிப்பெடுக்கிற கிளார்க். அவர் சட்டம் சொல்லுவார், முடிவில் கை வைக்கமாட்டார். எதிர்ப்பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் அல்லது கவுன்சிலின் ஆள். இப்போது பல இடங்களில் வீடியோவிலேயே நடத்துகிறார்கள். அப்படியென்றால் குசினி மேசையில், பின்னால் குக்கர் விசில் அடிக்காத நேரமாகப் பார்த்து இருங்கள்.

முதல் பாதி பள்ளிக்கூடத்துடையது. ஏன் இனி ஒருவரையும் எடுக்கமுடியாது என்று அவர்கள் சொல்லவேண்டும். அப்பீல் நிறைய என்றால் இந்தப் பாதியை எல்லாக் குடும்பத்தையும் ஒன்றாக இருத்தி நடத்துவார்கள். எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கேளுங்கள். எடுக்கிற எண்ணிக்கை 210 என்று போட்டிருக்கிறீர்கள், இப்போது இயர் 8இல் எத்தனை பேர்? 216 என்றால் அந்த ஆறு பேரால் என்ன குறை வந்தது? விஞ்ஞான கூடத்தில் எத்தனை கதிரை? இந்தச் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் அந்த ஆள் கஷ்டப்படுவார்.

இரண்டாம் பாதி உங்களுடையது, உங்களை மட்டும் வைத்து. இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கூடத்துக்கு வரும் நட்டம் ஒரு தட்டில், சேர்க்காவிட்டால் உங்கள் பிள்ளைக்கு வரும் நட்டம் மற்றத் தட்டில். பனல் பார்ப்பது அந்தத் தராசு ஒன்றைத்தான்.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். எட்டு வருடத்தில் எத்தனை கோப்பு பார்த்திருப்பேன்! பிளாஸ்டிக் உறைக்குள் மிருதங்கம் மூன்றாம் தரம், கராத்தே மண்ணிறப் பட்டி, தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் திருக்குறள் போட்டியில் இரண்டாமிடம், நீச்சலில் 25 மீட்டர். ஒவ்வொன்றையும் புரட்டும்போது அந்தத் தாயின் பத்து வருடச் சனிக்கிழமைகள் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிற இங்கிலிஷ்காரருக்கு அது கெட்டிக்காரப் பிள்ளை என்று மட்டும் சொல்லும். கெட்டிக்காரப் பிள்ளை எங்கே போனாலும் படிக்கும் என்று தராசு மற்றப் பக்கம் சாயும். பரிசு கேட்டா வந்திருக்கிறீர்கள்? இந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் மகனுக்கு என்ன கெடும் என்று சொல்லத்தானே.

மிருதங்கச் சான்றிதழ் ஒரு நேரத்தில் வேலை செய்யும். இந்தப் பள்ளிக்கூடத்தில் தாளவாத்தியத்துக்கு வகுப்பு இருக்கிறது, கிடைத்த பள்ளிக்கூடத்தில் சங்கீதமே ஒன்பதாம் ஆண்டோடு நிற்கிறது என்று அவர்களின் சொந்த வலைத்தளத்திலிருந்து அச்செடுத்து ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினால். அல்லது நீங்கள் இரவு வேலை, மனைவிக்கு நடக்க ஏலாது, கிடைத்த பள்ளிக்கூடத்துக்குச் சின்னவளை விட்டுவிட்டுப் போய்ச் சேரமுடியாது என்று பஸ் நேரங்களோடு காட்டினால். அல்லது மகன் முந்தி அடிபட்ட பிள்ளை, அடித்தவர்கள் போகிற இடமும் இப்போது கிடைத்த பள்ளிக்கூடமே என்று தொடக்கப் பள்ளி எழுதித் தந்திருந்தால்.

டொக்டர் கடிதத்தில் ஒரு நுணுக்கம். "தாயார் என்னிடம் தெரிவித்தபடி" என்று தொடங்கும் கடிதத்தை பனல் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும். தாய் சொன்னதை டொக்டர் தட்டச்சு செய்திருக்கிறார், அவ்வளவுதான். "இந்தப் பிள்ளையை நான் மூன்று வருடமாகப் பார்க்கிறேன், இன்ன காரணத்தால் நீண்ட பிரயாணம் ஒத்துவராது" என்று இரண்டு வரி எழுதினால் அதற்கு ஒரு கட்டு ரிப்போர்ட்டின் நிறை உண்டு.

இங்கிலிஷுக்குப் பயப்படாதீர்கள். சிநேகிதரையோ மொழிபெயர்ப்பாளரையோ கூட்டிப்போக உங்களுக்கு உரிமை உண்டு, கிளார்க்குக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகனை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். தன்னைப் பற்றிய தராசில் அவனே நின்று கதைப்பது அழகில்லை. சொல்லப்போவதை ஒரு பக்கத்தில் எழுதி வாசிக்கலாம், ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். கடிதங்களை விசாரணை அன்று பையிலிருந்து எடுக்காமல், அவர்கள் சொன்ன திகதிக்கு முன்னர் அனுப்பிவிடுங்கள். கிடைத்த பள்ளிக்கூடத்தைத் திட்டவேண்டாம். பனலில் ஒருவரின் பேரப்பிள்ளை அங்கே படிக்கக்கூடும்.

1996இல் எங்கள் அப்பீலில் இவர் எழும்பி, "அது நல்ல பள்ளிக்கூடம்" என்றார். பிறகு இன்னொரு விதமாக அதையே சொன்னார். நானும் சொன்னேன். தலைவர் ஒரு வயதான அம்மா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இங்கே வராவிட்டால் உங்கள் மகள் எதை இழப்பாள் என்று கேட்டார். நானும் இவரும் ஆளையாள் பார்த்தோம். வீட்டில் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. அதற்குப் பதில் இல்லாமல்தான் தோற்றோம். பின்னாளில் நான் பனலில் இருந்தபோது அதே கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், அத்தனை தரமும் இவரின் முகந்தான் நினைவுக்கு வரும்.

கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் அப்பீல் பலவீனமாகிவிடுமா?
– ஒரு தாய், வெம்பிளி

இல்லை. ஏற்றுக்கொள்ளுங்கள். அதைப் பனல் பாதகமாக எடுக்கக்கூடாது. வேண்டாம் என்று எழுதினால் கையில் இருக்கிற ஒன்றும் போகும், அதற்காக ஒருவரும் இரங்கப்போவதில்லை.

அக்காவின் வீடு பள்ளிக்கூடத்து மதிலோடு. அடுத்த வருடம் அவவின் விலாசத்தைக் கொடுத்தால் என்ன? எல்லாரும் செய்கிறார்கள்.
– பெயர் போடவேண்டாம்

பெயர் போடவில்லை. விலாசத்தையும் போடாதீர்கள். கவுன்சில் டாக்ஸ் பட்டியல் கவுன்சிலின் கையில்தான் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் யார் கட்டுகிறார் என்று பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் வாடகை ஒப்பந்தம், பிள்ளைக்கான உதவிப்பணக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுக்கலாம். எடுக்கிற நேரம் மற்ற நல்ல இடமெல்லாம் முடிந்திருக்கும். அக்காவும் நீங்களும் ஒரு கல்யாண வீட்டில் ஆளையாள் பார்க்காமல் திரும்பவேண்டி வரும்.

சில கவுன்சில்கள் இதில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2008இல் தென்கரையோரத்துப் பூல் கவுன்சில் ஒரு குடும்பம் விலாசப் பொய் சொல்கிறதோ என்று கிட்டத்தட்ட மூன்று கிழமை அவர்களுக்குப் பின்னால் ஆள் விட்டுப் பார்த்தது. அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை. அப்படி வேவு பார்த்தது சட்டவிரோதம் என்று 2010இல் தீர்ப்பு வந்தது. அதைக் காட்டி இனிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். ஆள் விடத் தேவையில்லை, கொம்பியூட்டர் பார்க்கும்.

வணக்கம். நாங்கள் மதுரையிலிருந்து நவம்பரில் வந்தோம், மனைவி ஹாஸ்பிட்டலில் நர்ஸ். ஏழு வயதுப் பையனுக்கு ஸ்கூல் தேட வேண்டும். ஊரில் டிசி (பழைய ஸ்கூலின் மாற்றுச் சான்றிதழ்) வாங்காமல் வந்துவிட்டோம். வருடத்தின் நடுவில் சேர்ப்பார்களா?
– ஒரு வாசகர், நோர்தாம்டன்

டிசி இங்கே யாருக்கும் தேவையில்லை, அந்தக் கவலையை விடுங்கள். பையன் எந்த வகுப்பு முடித்தான் என்பதும் பெரிய விஷயமில்லை. செப்டம்பர் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு, அவ்வளவுதான். வருடத்தின் நடுவில் சேர்வதற்குத் தனி விண்ணப்பம். சில இடத்தில் கவுன்சிலுக்கு, சில இடத்தில் நேரே பள்ளிக்கூடத்துக்கு. கவுன்சிலின் வலைத்தளம் சொல்லும். 15 பள்ளி நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். இடம் காலியாக இருந்தால் பெரும்பாலும் கொடுத்தாகவேண்டும், விசாவைக் காட்டி மறுக்கமுடியாது. மறுத்தால் உங்களுக்கும் அப்பீல் உரிமை உண்டு, ஆனால் இயர் 2 என்றால் அந்த 30 பேர் கணக்கு உங்களையும் பிடிக்கும். மேலே டூட்டிங் தாய்க்கு எழுதியதை வாசியுங்கள். அதுவரை வீட்டில் சும்மா இருத்தாமல் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். உங்களுக்கு விலாசத்தைக் காட்ட ஒரு கடிதமும், அவனுக்கு இங்கிலிஷும் சேரும்.

அப்பீலில் தோற்றுவிட்டோம். கோர்ட்டுக்குப் போகலாமா? காத்திருப்புப் பட்டியலில் எட்டாவதாக இருந்தோம், இப்போது பதினொன்று என்கிறார்கள். இதென்ன அநியாயம்!
– ஒரு தாய், இல்ஃபோர்ட்

பனலின் முடிவு கவுன்சிலையும் பள்ளிக்கூடத்தையும் உங்களையும் கட்டும். கோர்ட் என்பது பனல் சட்டத்தில் பிழை விட்டிருந்தால் மட்டும், காசு கரைகிற பாதை. விசாரணை நடந்த விதத்தில் குறை இருந்தால், உதாரணமாக உங்களைப் பேச விடவில்லை, அனுப்பிய கடிதத்தைப் பார்க்கவேயில்லை என்றால், கவுன்சில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளாட்சி ஒம்புட்ஸ்மனிடமும் (கவுன்சில்கள் மீதான முறைப்பாட்டை விசாரிப்பவர்), அக்கடமிக்கு (கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசாங்கக் காசில் நடப்பது) கல்வி அமைச்சிடமும் முறையிடலாம். அவர்கள் இடம் தரமாட்டார்கள். புது பனல் வைக்கச் சொல்லலாம். முடிவு பிடிக்கவில்லை என்பது முறைப்பாடு ஆகாது. அதே வருடத்துக்கு அதே பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு அப்பீல், நிலைமை பெரிதாக மாறினால் ஒழியக் கிடையாது.

பட்டியல் விஷயத்தில் அநியாயம் இல்லை, ஆனால் எரிச்சல் எனக்கு விளங்குகிறது. அது பஸ் கியூ இல்லை. முதலில் வந்து நின்றதற்கு மதிப்பே கிடையாது. புதிதாக ஒரு பெயர் சேரும்போதெல்லாம் முழுப் பட்டியலையும் அதே விதிப்படி திரும்ப அடுக்கவேண்டும். நேற்று உங்கள் தெருவுக்கு முன் தெருவில் ஒரு குடும்பம் வந்து குடியேறி, அவர்களின் மூத்தவள் அங்கே படித்தால், இன்றைக்கு உங்களுக்கு மேலே. டிசம்பர் 31 வரையாவது பட்டியலை வைத்திருக்கவேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு சில இடங்கள் பெயரைத் தானாக எடுத்துவிடும், திரும்பப் போடச் சொல்லி எழுதவேண்டும்.

செப்டம்பர் முதல் இரண்டு கிழமையும் கவனம். தனியார் பள்ளிக்குப் போனவர்கள், வீடு மாறியவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பாதவர்கள் எல்லாரின் இடமும் அந்த நாட்களில்தான் காலியாகும். கவுன்சில் தொலைபேசி எடுக்கும், இமெயில் போடும், பதில் இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போகும். எங்கள் தபால் கந்தோருக்கு வந்த ஒரு தாய் சுப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலை, போனை லொக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இரண்டு நாளில் மூன்று தவறிய அழைப்பு, ஒரே நம்பர். விற்பனைக்காரர் என்று நினைத்து விட்டுவிட்டா. ஆகவே இன்றைக்கே அனுமதிப் பிரிவுக்கு எழுதி, பகலில் கையில் போன் வைத்திருக்கக்கூடிய ஒருவரின் நம்பரையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். மாமியாரின் நம்பர் என்றாலும் சரி, அவ இங்கிலிஷில் "யெஸ்" என்று சொல்லப் பழகியிருந்தால் போதும்.